ஸ்டோன்வேர் தட்டு: சக்கரத்தில் நன்றாக வருகிறது, சூளையில் கோணிக்கொள்கிறது

களிமண்காரி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கப், கிண்ணம், சின்னக் குடுவை எல்லாம் இப்போது கைக்கு வந்துவிட்டன. வீட்டில் எல்லோரும் சாப்பிட ஒரு செட் தட்டு செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அங்கேதான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது மின்சக்கரம், பாக்கெட்டில் வரும் ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் மண்), கோன் 6 வரை, அதாவது சுமார் 1240 டிகிரி வரை போகும் மின்சூளை. சுட்டு முடித்தபின் 26 செ.மீ. அகலம் வேண்டும். தட்டு ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ மண் எடுக்கிறேன். சக்கரத்தில் இருக்கும்போது பார்க்க அருமையாக இருக்கிறது. அதன் பிறகுதான் தொல்லை. சில தட்டுகளில் நடுவில் எஸ் வடிவத்தில் விரிசல். சிலவற்றில் ஓரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மேசையில் வைத்தால் ஆடுகிறது. இந்த இரண்டிலும் தப்பித்தது கிளேஸ் சூட்டில், அதாவது மேலே கண்ணாடிப் பூச்சு பூசிச் சுடும் இரண்டாவது சூட்டில், ஓரம் தொங்கி, கவிழ்த்த குடை மாதிரி வெளியே வருகிறது. பாதிக்கு மேல் இப்படிப் போய்விடுகிறது.

தட்டு என்றால் சக்கரமே வேண்டாம், ஸ்லாபில், அதாவது மண்ணைத் தகடாக உருட்டிச் செய்யுங்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்குச் சக்கரத்தில்தான் செய்ய வேண்டும். விரல் ஓடிய சுழல் தடம் தட்டின் நடுவில் தெரிய வேண்டும் என்று ஆசை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.


உருட்டுக்கட்டை

நானும் அந்தச் சிலரில் ஒருவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை இரண்டு பட்டைக் குச்சிகளுக்கு நடுவே உருட்டினால் எல்லா இடத்திலும் ஒரே கனம் வரும். அதை அச்சின் மேல் போட்டு ஓரத்தை அழுத்தினால் தட்டு. சக்கரத்தில் ஒரு தட்டு இழுக்கும் நேரத்தில் மூன்று முடித்துவிடலாம். உலகம் முழுக்க ஆலைகளில் தட்டு வருவதும் அச்சில்தான். சுழலும் பிளாஸ்டர் அச்சின் மேல் மண்ணைப் போட்டு, மேலிருந்து ஒரு தகடு இறங்கி வழித்துவிடும். ஜிகர் ஜாலி என்று பெயர். கையால் தட்டு இழுப்பது உழைப்பை வீணாக்குவது என்பது என் கருத்து.


சூளைமேட்டுவாசி

நண்பர் சொல்வதில் நேரக் கணக்கு சரி. ஆனால் கோணல் என்பது ஸ்லாபுக்கும் உண்டு. உருட்டிய தகட்டைக் கையில் தூக்கி அச்சில் போடும்போது ஒரு மூலை மடங்கினால், அந்த மடிப்பை மண் நினைவில் வைத்துக்கொள்ளும். நாம் நேராக்கிவிட்டோம் என்று நினைப்போம். 1200 டிகிரியில் திரும்ப மடங்கும். முறையை மாற்றினால் கோணல் போய்விடாது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் போகும்.

களிமண்காரி, உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். தட்டில் ஓரமும் நடுவும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. ஓரம் மெல்லியது, காற்றுப் படுவது. நடு கனமானது, பலகையில் ஒட்டிக்கொண்டு ஈரமாகவே இருப்பது. காயும்போது ஓரம் முந்திக்கொண்டு சுருங்கும். சூடேறும்போது முதலில் சூடாவதும் ஓரம், ஆறும்போது முதலில் ஆறுவதும் ஓரம். கிண்ணத்திலும் இது உண்டு, ஆனால் கிண்ணத்தின் சுவர் நிமிர்ந்து நிற்பதால் அது தாங்கிவிடும். படுத்துக்கிடக்கும் தட்டுக்கு அந்தத் தெம்பு இல்லை. வெயிலில் போட்ட அப்பளம் ஓரம் காய்ந்து சுருள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கே மெதுவாக நடக்கிறது. ஆகவே தட்டு வேலை என்பது தொடக்கம் முதல் கடைசி வரை ஓரத்தை நிறுத்திப் பிடித்து, நடுவை அதோடு சேர்த்து நடக்க வைக்கிற வேலை.

முதலில் அளவு. உங்கள் மண் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தீர்களா? ஈர மண்ணில் ஒரு பட்டை வெட்டி 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். கோடு 8.8 ஆக வந்தால் சுருக்கம் 12 சதவீதம். அப்படியானால் 26 செ.மீ. தட்டுக்குச் சக்கரத்தில் 29.5 செ.மீ. இழுக்க வேண்டும், 26-ஐ 0.88 ஆல் வகுத்தால் வருவது. அந்த அகலத்துக்கு ஒன்றரைக் கிலோ மண் கொஞ்சம் இறுக்கம். 1.7 அல்லது 1.8 எடுங்கள். மண் போதாதபோது அதை ஓரத்தை மெலித்துத்தான் ஈடுகட்டுவோம், மெலிந்த ஓரம்தான் முதலில் கோணும்.

அடுத்து நடுப்படுத்துவது. கப்புக்குச் செய்வதுபோல் கூம்பாக வைத்து நடுவில் குழி தோண்டிப் பிறகு அகட்டாதீர்கள். ஆரம்பத்திலேயே மண்ணைத் தாழ்த்தி, அகலமான வட்டாக்கி நடுப்படுத்துங்கள். உள்ளங்கையின் பக்கவாட்டால் நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டு போகலாம். அடிப்பாகம் 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கட்டும், அடி வளையம், அதாவது தட்டு மேசையில் நிற்கும் வட்டக் கால், செதுக்க அது வேண்டும். அகட்டி முடித்ததும் தட்டையான மரத்துண்டை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று பல தடவை அழுத்தி இறுக்குங்கள். எஸ் விரிசலுக்கு மருந்து பாதி இதுதான். அகட்டும்போது சுவர் மண்ணெல்லாம் இழுபட்டு இறுகிவிடும், நடு மட்டும் தளர்வாக நிற்கும். மீதிப் பாதி மருந்து தண்ணீர். நடுவில் தேங்கும் குழம்புத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஓரத்தைக் கடைசியாகத்தான் சாய்க்க வேண்டும். அதுவரை சின்னச் சுவராக நிமிர்ந்தே நிற்கட்டும். எல்லாம் முடிந்தபின் சக்கரத்தை மெதுவாக்கி, அடியில் விரல் தாங்கி, மேலே மரத்துண்டை வைத்து ஒரே தடவையில் படுக்க வையுங்கள். பலமுறை ஏற்றி இறக்கினால் ஓரம் களைத்துப்போகும்.


களிமண்காரி (கோவை)

மிக்க நன்றி. நான் கூம்பாக வைத்துத்தான் குழி தோண்டுகிறேன், கப்பில் வந்த பழக்கம். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். இழுத்து முடித்ததும் தட்டைக் கம்பியால் அறுத்து எடுத்து வேறு பலகைக்கு மாற்றுகிறேன். அதுதான் கோணலுக்குக் காரணமா?


வேளார்வீட்டுப்பிள்ளை (மானாமதுரை)

ஆமாம், அம்மா, அதுவே பெரிய காரணம். அகலமான ஈரத் தட்டைக் கையில் தொடவே கூடாது. சக்கரத்தின் மேல் ஒரு பேட் பலகை பொருத்தி அதன் மேல் இழுங்கள். பலகையோடு தூக்கி வைத்து, தட்டு தானாக விறைக்கும் வரை அங்கேயே விடுங்கள். நல்ல பிளைவுட் போதும். திருப்ப வேண்டும் என்றால் மேலே இன்னொரு பலகை வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே தட்டை அணைத்துத் திருப்பிவிடுங்கள்.

நாங்கள் தலைமுறையாகப் பானை, கடம், அடுப்பு வனைகிறவர்கள். எங்கள் சூட்டுக்கும் உங்கள் சூட்டுக்கும் தூரம் அதிகம், உங்கள் கிளேஸ் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் காயவைப்பது எல்லா மண்ணுக்கும் ஒரே பாடம். எங்கள் வீட்டில் பானையை வனைந்த அன்றே காற்றில் வைக்க மாட்டார்கள். காற்று வருகிற பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கம் சாக்கைத் தொங்கவிடுவார்கள். ஆடி மாதக் காற்று வெயிலைவிடக் கொடியது. வெயில் எல்லாப் பக்கமும் காயவைக்கும், காற்று ஒரு பக்கத்தை மட்டும் காயவைக்கும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. உங்கள் தட்டில் ஓரம் தூக்கிக்கொண்டது எந்தப் பக்கம் என்று அடையாளம் போட்டுப் பாருங்கள். எப்போதும் ஜன்னல் பக்கமாகவே இருந்தால் காரணம் கையில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது.

வழி எளிதுதான். பிளாஸ்டிக் உறையைப் பட்டையாகக் கிழித்து ஓரத்தை மட்டும் சுற்றி மூடுங்கள், நடு திறந்திருக்கட்டும். விறைப்பு வந்ததும் கவிழ்த்துவிடுங்கள், அடியும் காற்றுப் பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் காயவில்லையே என்று ஃபேன் போட்டுவிடாதீர்கள்.


புதுவைச்சூளை

மானாமதுரைக்காரர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம். ஜன்னல் பக்கத்தில் அடையாளம் போடும் யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் புதுச்சேரி வழியில் கற்றவன். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் ஆரோவில்லிலும் சுற்றுப்புறத்திலும் தனித்தனியே சூளை போட்டார்கள். இன்று புதுச்சேரி ஸ்டோன்வேர் என்று மக்கள் தேடி வாங்குவதற்கு அடித்தளம் அதுதான். அந்த வழியில் வந்த எங்களுக்குத் தட்டு என்றாலே அடி வளையம்தான் பேச்சு. அதைப் பற்றி இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை.

களிமண்காரி, உங்கள் மூன்றாவது தொல்லை, ஓரம் தொங்குவது. கிளேஸ் சூட்டில் ஸ்டோன்வேர் மண் பாதி இளகிய நிலையில் இருக்கும். கண்ணாடித் தன்மை வருவதே அதனால்தான். அப்போது எது தாங்கப்படவில்லையோ அது இறங்கும். அடி வளையம் சின்னதாக, நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால், வெளியே நீண்டிருக்கும் ஓரத்துக்குத் தாங்கல் இல்லை, தொங்கிவிடும். வளையத்தை ஓரத்துக்கு அருகில் கொண்டுபோனால் நடு இறங்கி, தட்டு உள்ளே குழிந்து, வளையத்தின் மேல் நிற்காமல் வயிற்றின் மேல் ஆடும். 25 செ.மீ. தாண்டினால் இரண்டு வளையம் செதுக்குங்கள். வெளி வளையம் சரியாக அடிப்பாகம் ஓரமாகத் திரும்பும் இடத்துக்குக் கீழே. உள் வளையம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக நடுவில், வெளி வளையத்தைவிட ஒரு நூல் உயரம் குறைவாக. நடு இறங்கினால் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

செதுக்கும்போது நடு தானே அமுங்கும். அதற்குத் தட்டைக் கவிழ்க்கும் முன் நடுவில் மெல்லிய ஸ்பாஞ்சோ, மெத்தென்ற மண் உருண்டைகளோ வைத்துத் தாங்கல் கொடுங்கள். விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே செதுக்கலாம். ஓசை மாறும் இடத்தில் கனம் மாறுகிறது.

கம்பி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. இழுத்து முடித்த உடனே அறுத்துவிட வேண்டும். அறுத்தபின் பலகையிலேயே விடுங்கள், எடுக்கவேண்டாம். அறுக்காவிட்டால் அடி பலகையைப் பிடித்துக்கொண்டு சுருங்க மறுக்கும், ஓரம் சுருங்கும், விரிசல் விழும்.


சூளைமேட்டுவாசி

இதில் நான் ஒத்துப்போகவில்லை. 30 செ.மீ. அகலத்தில் கம்பி நேராகப் போகாது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தாலும் நடுவில் மேலே ஏறிவிடும். அடி நடுவில் மெலிந்துவிட்டது என்று செதுக்கும்போதுதான் தெரியும், சில சமயம் ஓட்டை விழுந்தபின் தெரியும். நான் அறுப்பதில்லை. பிளாஸ்டர் பலகையில் இழுக்கிறேன். அது அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், விறைத்ததும் தட்டு தானாகக் கழன்றுவிடும். நடுவும் ஓரமும் ஒரே வேகத்தில் காய்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.


புதுவைச்சூளை

பிளாஸ்டர் பலகை இருந்தால் உங்கள் வழி சரி, ஒத்துக்கொள்கிறேன். பிளைவுட்டில் இழுப்பவர்கள் அறுத்தாக வேண்டும். கம்பி ஏறுவதைத் தடுக்க, மெல்லிய எஃகுக் கம்பியாக எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் பலகையோடு பலகையாக அழுத்திக்கொண்டு, சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அறுக்க வேண்டும். களிமண்காரியிடம் பிளாஸ்டர் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிளாஸ்டர் துணுக்கு மண்ணில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டபிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, தட்டின் மேல் பொத்தானளவு துண்டாகத் தெறித்துவிடும்.


விருதைக்காரன்

குறுக்கே வருகிறேன். மண்ணைப் பற்றியும் பேசுங்கள். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை உண்டு, பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களியும் உண்டு. வெண்ணெய் மாதிரி இழுபடும் களி அது. ஆனால் இழுபடும் களி அதிகம் சுருங்கும், அதிகம் சுருங்குவது அதிகம் கோணும். கப்புக்கு அருமையான மண் தட்டுக்கு அருமையாக இருக்காது. தட்டுக்கு மண் வாங்கும்போது பொடி க்ராக் கலந்ததா என்று கேளுங்கள். க்ராக் என்பது சுட்ட மண்ணை இடித்த பொடி, ஏற்கெனவே சுருங்கி முடித்தது. பத்து சதவீதம் இருந்தால் போதும், காய்வதும் சீராகும். இழுக்கும்போது கையில் கொஞ்சம் உராயும், அவ்வளவுதான்.

காய்ந்த தட்டை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. ஈர ஸ்பாஞ்சால் தேய்த்தாலே வழவழப்பு வந்துவிடும். அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.


பந்திவாசம் (தஞ்சாவூர்)

நான் வனைகிறவள் இல்லை, வாங்கிச் சாப்பிடுகிறவள். செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடியிருக்கிறீர்கள், மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். கையால் செய்த ஸ்டோன்வேர் தட்டுகள் பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதில் நம் சாப்பாட்டைச் சாப்பிட முடியவில்லை. படுத்த ஓரம், ரசம் ஊற்றினால் ஓடி மேசைக்கு வருகிறது. கையால் பிசையும்போது சாதத்தை ஒதுக்கிச் சேர்த்துக்கொள்ள ஒரு சுவர் வேண்டும். எவர்சில்வர் தட்டில் அது இருக்கிறது. கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அகலமான சரிந்த ஓரம் வசதி, நமக்கு அது பயன்படாத இடம். ஏன் எல்லோரும் அந்தத் தட்டையே செய்கிறீர்கள்?


சூளைமேட்டுவாசி

இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். களிமண்காரி, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். உங்கள் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

நிமிர்ந்த சுவர் உள்ள தட்டு தொங்காது. 2 அல்லது 2.5 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய செங்குத்தாக ஒரு சுவர் எழுப்பினால், அது வட்டம் முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தகரத்தை வெறுமனே பிடித்தால் வளையும், ஓரத்தை மடித்துவிட்டால் விறைத்து நிற்கும், அந்தக் கணக்குத்தான். படுத்த ஓரத்தை 1240 டிகிரியில் நேராக வைத்திருக்க நாம் படும் பாடெல்லாம், நம் வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒரு வடிவத்துக்காக. எவர்சில்வர் தட்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் சுவரும் அடியும் சேரும் மூலையை மட்டும் விரல் நுழையும் அளவுக்கு உருண்டையாக விடுங்கள். சாதம் மூலையில் மாட்டாது, கழுவுவதும் எளிது, மண்ணுக்கும் அங்கே விரிசல் விழாது. விளிம்பு நுனியைக் கொஞ்சம் தடித்து உருட்டிவிடுங்கள், மெல்லிய நுனி உதிர்ந்துகொண்டே இருக்கும்.

நானும் இப்போது அந்த வடிவம்தான் செய்கிறேன். வாங்குகிறவர்கள் கையில் எடுத்ததும் புரிந்துகொள்கிறார்கள்.


களிமண்காரி (கோவை)

பந்திவாசம் அக்கா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. நான் செய்துகொண்டிருந்தது சரியாக நீங்கள் சொன்ன படுத்த ஓரத் தட்டுதான். படங்களில் பார்த்துப் பார்த்து அதுவே தட்டு என்று மனதில் பதிந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்பா ரசத்துக்குத் தட்டைச் சாய்த்துப் பிடித்துக் கையால் அள்ளிக் குடிப்பவர். அடுத்த சூட்டுக்கு நிமிர்ந்த சுவர்தான்.

சாப்பாட்டுத் தட்டு என்பதால் கிளேஸ் பற்றியும் கேட்டுவிடுகிறேன். எனக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத, பச்சை கிளேஸ் மேல் ஆசை. தாமிரம் சேர்த்தது. புளிக்குழம்பு, ஊறுகாய் எல்லாம் படும். பரவாயில்லையா?


கிளேஸ்வாளி

வேண்டாம். உள்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஈயம் இல்லை என்று சீட்டு ஒட்டியிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளேஸ் என்பது கண்ணாடி. சிலிக்காவும் அலுமினாவும் போதுமான அளவு இருந்து, நன்றாக உருகியிருந்தால், நிறத்துக்குச் சேர்த்த உலோகம் அந்தக் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். மேட் கிளேஸ்களில் பல அப்படி இல்லை. சிலவற்றில் சிலிக்கா குறைவு, சில முழுதாக உருகாதவை. அமிலம் பட்டால் உலோகம் வெளியே வரும். தாமிரம் அதில் முன்னால் நிற்பது. பேரியம் கார்பனேட் போட்ட மேட் கிளேஸ் இன்னும் மோசம், அது விஷம். நம் சமையலில் புளி, எலுமிச்சை, மோர், தக்காளி, ஊறுகாய். தினம் மூன்று வேளையும் அமிலம். அதுவும் சூடாக.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை, சுட்ட கிளேஸின் மேல் பாதி எலுமிச்சையைக் கவிழ்த்து ஒரு இரவு விட்டுப் பார்ப்பது. காலையில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாது. மாறவில்லை என்பதால் பாதுகாப்பு என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி. அங்கே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணிநேரம் வைத்து, அமிலத்தில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். தாமிரத்தையும் அளக்கச் சொல்லிக் கேட்கலாம். விற்கப்போகிறீர்கள் என்றால் செய்துவிடுங்கள்.

உள்பக்கத்துக்கு நிறமில்லாத அல்லது வெள்ளைப் பளபளப்புக் கிளேஸ் போடுங்கள். பச்சையை வெளிச்சுவரில் போட்டுக்கொள்ளலாம், விளிம்புக்குக் கீழே நிறுத்திவிடுங்கள். கோன் 10 வரை சுடுகிறவர்களுக்குப் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் பெயரில் வழங்கும் 4-3-2-1 இருக்கிறது. பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, சைனா களி 10. எளிமையானது, உறுதியானது. உங்கள் கோன் 6-க்கு அது உருகாது. போரான் உள்ள ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி) சேர்த்த கிளேஸ் தேட வேண்டும்.

இன்னொன்று, சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் விழுகிறதா என்று பாருங்கள். ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குவதால் வருவது. அலங்காரப் பூச்சாடிக்கு அழகுதான். சாப்பாட்டுத் தட்டில் அந்தக் கோடுகளில் மஞ்சள் இறங்கி, ஒரு மாதத்தில் தட்டு முழுக்க மஞ்சள் நரம்பாகத் தெரியும். சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

வீட்டு ஊறுகாய் ஜாடியைப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அதுவும் ஸ்டோன்வேர்தான். உப்பும் புளிப்பும் வருஷக்கணக்கில் அதற்குள் கிடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. நெருக்கமாகச் சுட்ட மண், நன்றாக உருகிய கிளேஸ். நம் தட்டுக்கும் இலக்கு அதுதான்.


உருட்டுக்கட்டை

கிளேஸ்வாளி சொன்னதை ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டிவைக்க வேண்டும்.

சக்கரம் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் ஒரு இடத்தில் வழிவிடுகிறேன். நிமிர்ந்த சுவருள்ள தட்டு ஸ்லாபில் வருவது கடினம். சுவரைத் தனியாக ஒட்ட வேண்டியிருக்கும், ஒட்டிய மூலையில் விரிசல் விழும். அந்த வடிவத்துக்குச் சக்கரம்தான் சரியான கருவி.


களிமண்காரி (கோவை)

சூளை திறந்தேன். முதலில் நல்ல செய்தி. எஸ் விரிசல் ஒன்றுகூட இல்லை. தாழ்த்தி நடுப்படுத்தியது, மரத்துண்டால் இறுக்கியது, ஓரத்தை மட்டும் மூடியது, மூன்றுமே உதவியிருக்கின்றன. ஜன்னல் பக்கம் அடையாளம் போட்டதில் மானாமதுரை அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. இப்போது அலமாரியை உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். நிமிர்ந்த சுவர்த் தட்டுகள் ஆடாமல் உட்காருகின்றன.

ஆனால் புதிதாக ஒன்று. இரண்டு தட்டுகளில் விளிம்பிலிருந்து நடு வரை ஒரே கோடாகப் பிளவு. ஒன்று கையில் எடுத்ததும் இரண்டாக வந்துவிட்டது. இது காயும்போது வந்ததா, சூட்டில் வந்ததா?


புதுவைச்சூளை

பிளந்த இடத்தில் கிளேஸின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், கவனமாக. கிளேஸ் அங்கே உருண்டு மழுங்கியிருந்தால், பிளவு கிளேஸ் உருகும் முன்பே இருந்தது, அதாவது காய்ந்தபோதோ சூடேறியபோதோ வந்தது. கண்ணாடித் துண்டு மாதிரிக் கூராக இருந்தால், கிளேஸ் இறுகியபின், ஆறும்போது வந்தது.


களிமண்காரி (கோவை)

கூராக இருக்கிறது. விரலை அறுத்துவிடும் போல.


புதுவைச்சூளை

அப்படியானால் ஆறும்போது வந்ததுதான். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். கப் அந்த இடத்தை ஒரே நேரத்தில் கடந்துவிடும். தட்டின் விளிம்பு 573-க்குக் கீழே வந்துவிட்டது, நடு இன்னும் மேலே இருக்கிறது என்றால் விளிம்பு சுருங்கப் பார்க்கும், நடு விடாது. பிளந்துவிடும்.

நடு ஏன் ஆறுவதில்லை? அது கனமான சூளைப் பலகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பலகை சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தட்டின் அடிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தட்டுகளை நெருக்கமாக, பலகைக்கும் பலகைக்கும் நாலு விரல் இடைவெளியில் அடுக்கினால் இன்னும் மோசம். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். முழு வட்டப் பலகைக்குப் பதிலாக இரண்டு அரைவட்டப் பலகை போட்டால் நடுவில் சந்து கிடைக்கும், காற்று ஓடும். கன்ட்ரோலரில் ஆறுவதற்கும் கட்டளை கொடுங்கள். 650-லிருந்து 500 வரை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டாம். பிஸ்க் சூட்டிலும் (கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூடு) ஏறும்போது 600 வரை மெதுவாகவே போங்கள். நூறு டிகிரிக்குக் கீழே வரும் வரை மூடியைத் தூக்காதீர்கள், எவ்வளவு ஆவலாக இருந்தாலும்.

பலகையின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது, தட்டும் அப்படியே வளையும். வளையத்துக்கு அடியில் கொஞ்சம் அலுமினாத் தூள் தூவினால், சுருங்கும்போது வளையம் பலகையில் மாட்டாமல் நகரும்.


சூளைமேட்டுவாசி

சூளையில் தட்டு வைக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சூளையில் கம்பிச்சுருள் சுவரில் இருக்கிறது. தட்டின் விளிம்பு அதற்கு இரண்டு விரல் தள்ளி இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் அதிகம் சூடாகும். 26 செ.மீ. தட்டுக்குச் சூளையின் உள்விட்டம் குறைந்தது 40 செ.மீ. இருந்தால் நிம்மதி. உங்களுடையது எவ்வளவு?


களிமண்காரி (கோவை)

உள்ளே 42. தட்டை நடுவில்தான் வைத்திருக்கிறேன், அது சரி. அடுக்கியதுதான் நெருக்கம். ஒரே சூட்டில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று நாலு விரலுக்கும் குறைவாகவே விட்டிருந்தேன். அரைவட்டப் பலகை சொல்லிவிட்டேன், இந்த வாரம் வருகிறது. ஆறும் கட்டளையையும் போட்டுவிட்டேன்.

அடி வளையம் மேசையைக் கீறுகிறது, அதற்கு மட்டும் என்ன செய்வது?


விருதைக்காரன்

சிலிக்கான் கார்பைடு சாணைக்கல்லால், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கிடைக்காவிட்டால் கறுப்பு வாட்டர் பேப்பர் 220, அதற்கப்புறம் 400. தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கீழ்த்தட்டின் கிளேஸில் கீறல் விழுவதும் இதனால்தான், அதனால் இரண்டு வளையத்தையும் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்க்காதீர்கள்.


பந்திவாசம் (தஞ்சாவூர்)

விற்பதாக இருந்தால் முதல் செட் எனக்கு. ரசத்துக்குச் சுவர் இரண்டரை செ.மீ. இருக்கட்டும்.


களிமண்காரி (கோவை)

இரண்டரையே வைக்கிறேன், அக்கா. ஆய்வுக்கூடத்தில் கிளேஸ் சோதனை முடியட்டும், அதன் பிறகுதான் யாருக்கும் கொடுப்பேன்.